குழுத் தொடர்பாடலும் ஆளுமைப் பாங்குகளும்

தொடர்பாடல் தடைகள் பற்றிய வினாவுக்குச் சத்தம், மொழி, தூரம் என எழுதி நிறுத்திவிடும் மாணவர்கள் பலர். ஆளுமை வேறுபாடும் ஒரு தடையே என்பதை மறந்துவிடாதீர்கள்.

அகமுகி, புறமுகி என்னும் பாகுபாட்டைச் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921 இல் விளக்கினார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928 இல் நால்வகை நடத்தைகளை எடுத்துக்காட்டினார். ஆதிக்கம், செல்வாக்கு, நிதானம், நுணுக்கம் என இன்று அவற்றைக் குறிப்பிடலாம். மார்ஸ்டன் வினாக்கொத்து எதனையும் தயாரிக்கவில்லை. அது பின்வந்தோர் செய்தது.

பின்வரும் நிலைமையைக் கருதுக. அச்சகமொன்றுக்குப் பெரிய கட்டளையொன்று கிடைக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா, முடியாதா?" என முகாமையாளர் கேட்கிறார் (ஆதிக்கம்). "முடியும் சேர்!" என்கிறார் விற்பனையாளர் (செல்வாக்கு). கணக்காளர் கையிருப்பு விபரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார் (நுணுக்கம்). கடதாசி போதாது என்பது இயந்திரம் இயக்குபவருக்குத் தெரியும். ஆனால் அவர் சபையில் மறுத்துப் பேசுபவரல்லர் (நிதானம்). வெள்ளிக்கிழமை பாதி வேலையே முடிந்திருந்தது. வாடிக்கையாளர் அடுத்த கட்டளையை வேறிடத்தில் கொடுத்தார்.

இங்கு மொழித் தடை இல்லை, தூரமும் இல்லை. நால்வரும் ஒரே மேசையில் இருந்தனர். கேள்வி கேட்கப்பட்ட விதமே பிழை. "என்ன தடை வரலாம்?" என இயந்திரம் இயக்குபவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கணக்காளருக்கு முதல் நாளே எழுத்தில் அறிவித்திருக்கலாம். அவரும் முகாமையாளரிடம் நீண்ட அட்டவணையை நீட்டாமல், "20 ரீம் குறைகிறது, இன்றே வாங்கினால் முடியும்" என முடிவை முதலில் கூறவேண்டும். விற்பனையாளரின் வாய்மொழி உறுதியைச் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வது நல்லது. (உற்சாகம் கையிருப்பைக் கூட்டாது!)

ஒருவரை ஒரு பாங்குக்குள் அடைத்துவிடலாகாது. சபையில் மௌனமாயிருப்பவர் இயந்திரத்தருகில் கண்டிப்பானவராக இருக்கலாம். ஆட்சேர்ப்புக்கோ பதவி உயர்வுக்கோ இதனை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பொருத்தமற்றது. "நான் இப்படித்தான்" எனக் கடுஞ்சொல்லுக்கு நியாயம் கற்பிக்கவும் இது உதவாது.

விடை எழுதும்போது நான்கு பெயர்களை மட்டும் நிரற்படுத்தாதீர்கள். ஒவ்வொருவருக்கும் செய்தி எவ்வாறு மாறவேண்டும் என உதாரணத்துடன் எழுதுங்கள்.

பயிற்சி: மேற்படி அச்சகத்தில் விடுமுறை நாளில் வேலை செய்யவேண்டியுள்ளது. இதனை நால்வருக்கும் எவ்வாறு அறிவிப்பீர்கள்?