பழைய படகோடு வரும் ஃபிஷ் ஃபைண்டர்

மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாவித்த ஃபைபர் படகொன்றை விலை பேசி முடிக்கப் போகிறாராம். படகில் பழைய ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று பூட்டியிருக்கிறது. வளவுக்குள் ஏற்றி வைத்த படகிலேயே விற்பவர் அதைப் போட்டுக் காட்டினாராம். ஆழம் விழுந்ததாம், மீனும் ஓடியதாம். அதற்கென்று படகு விலைக்கு மேல் தனியாகக் காசு கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டலாமா என்பது கேள்வி.

தம்பி, வளவில் நிற்கும் படகின் திரையில் மீன் ஓடினால் அது கடல் மீனல்ல, கருவிக்குள் ஏற்றி வைத்த மீன். அநேகமான கருவிகளில் 'சிமுலேட்டர்' அல்லது 'டெமோ' என்று ஒரு முறை இருக்கிறது. கடையில் காட்டி விற்பதற்காகச் செய்தது. விற்பவர் ஏமாற்றத்தான் காட்டினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் அது அப்படிக் கிடந்திருக்கலாம். மெனுவில் அதை நிறுத்திவிட்டு, படகைத் தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கயிறு காட்டும் ஆழமும் திரை காட்டும் ஆழமும் இரண்டு மூன்று இடங்களில் ஒத்துப் போனால் மட்டும் கருவிக்கு விலை பேசுங்கள். தண்ணீரில் இறக்கிக் காட்ட மறுத்தால், படகுக்கு மட்டும் விலை.

பழைய கருவி என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 1948இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை உருவாக்கியபோது, போர் முடிந்து கழித்துவிட்ட ஆழமானிகளை வைத்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் எந்தப் பாகம் பழையது என்பதுதான் விஷயம். நம் ஆட்கள் திரையைப் பார்த்து விலை பேசுகிறார்கள். மீனைக் காண்பது திரையல்ல, தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர். அது ஒலியை அனுப்பி, கடலில் செக்கனுக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போய் அடித்துத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. திரை அதைப் படமாக வரைகிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் டிரான்ஸ்டியூசரின் கேபிளைப் பின்தொடர்ந்து போங்கள். பிளக்குக்கு அருகில் ஒரு சிறு லேபிள் சுற்றியிருக்கும். அதில் அதிர்வெண்ணும் வலுவும் இருக்கும்: 50/200 கிலோஹேர்ட்ஸ், 600 வாட் என்பதுபோல. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்டியூசரைப் புதுத் திரையோடு இணைக்க வேண்டுமென்றால், புதிய கருவி அதே அதிர்வெண்ணில் வேலை செய்ய வேண்டும். அது அனுப்பும் வலு டிரான்ஸ்டியூசர் தாங்குவதைவிடக் கூடக்கூடாது. பிளக்கின் ஊசிகள் பொருந்த வேண்டும். ஒரே கம்பனிக்குள்ளேயே காலத்துக்குக் காலம் பிளக் மாறியிருக்கிறது. பல வகைக்கு இணைப்புக் கேபிள் கிடைக்கிறது. கேபிளை வெட்டி, வீட்டுக்குக் கரண்ட் இழுப்பதுபோல முறுக்கி டேப் சுற்றினால் வேலை கெட்டது. உள்ளே இருக்கும் உறைக்கம்பி அறுந்தால் இரைச்சல் ஏறும், உப்புத் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். வெட்டி ஒட்டிய கேபிளோடு வரும் டிரான்ஸ்டியூசருக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

அடுத்தது நம் கரைக்கே உரிய சிக்கல். மாவடிப்பள்ளி வயலும் ஆறும் சூழ்ந்த ஊர். கடலுக்குப் போவதென்றால் காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருதுப் பக்கம்தான். அங்கெல்லாம் சிறிய படகு மணலில் ஏறி மணலில் இறங்குகிறது. ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தார்கள், ஆனால் அதன் வாயை மணல் அடைக்கும் கதை ஊரறிந்தது. துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகுகளுக்காக எழுதிய கைநூல், படகின் அடியைத் துளைத்து வெண்கல டிரான்ஸ்டியூசர் பூட்டச் சொல்லும். நம் படகில் அப்படிப் பூட்டினால் ஓரிரு தடவை இழுத்து ஏற்றும்போதே அது மணலில் உராய்ந்து போகும். துளை வழியே தண்ணீரும் வரும். வாங்கும் படகில் அப்படியொன்று இருந்தால் அதைச் சுற்றியுள்ள ஃபைபர் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நமக்கு இரண்டு வழிதான் சரி. ஒன்று, மோட்டர் பூட்டும் பின்பலகையில், மேலே தூக்கி மடக்கக்கூடிய தாங்கியில் பூட்டுவது. புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் வேண்டாம், நுரை கிளம்பும். காற்றுக்குமிழியை ஒலி தாண்டாது. மற்றது, படகின் உட்புறமாக அடித்தளத்தில் ஒட்டி, ஃபைபரை ஊடுருவிப் பார்க்கவிடுவது. கரையேற்றும் படகுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த இடம் தனி ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோமோ பலகையோ இருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும்.

ஒட்டுமுன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. படகு மிதக்கும்போது, தடித்த பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி அதற்குள் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, ஈரமாக்கிய அடித்தளத்தில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஆழம் தடுமாறாமல் வரும் இடம்தான் ஒட்டும் இடம். எப்பொக்சியால் ஒட்டுங்கள், சிலிக்கன் வேண்டாம், ஒலியை விழுங்கும். பசைக்குள் ஒரு குமிழியும் சிக்கக்கூடாது. இந்த முறையில் எதிரொலி கொஞ்சம் மெலியும், கடலின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது. மணலில் உடைவதைவிட அது நட்டமில்லை.

அதிர்வெண் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். 200 கிலோஹேர்ட்ஸ் ஒடுங்கிய கற்றை, நுணுக்கமாகக் காட்டும். 50 அகலம், ஆழத்துக்கு நல்லது. வழக்கமான டிரான்ஸ்டியூசரில் 20 பாகம் ஆழத்தில் 200 பார்க்கும் வட்டம் ஏறக்குறைய 8 மீட்டர், 50 பார்ப்பது 30 மீட்டர். கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுக்கம். கொஞ்சத் தூரம் ஓடினாலே ஆழம் வந்துவிடும். ஆகையால் 200 மட்டும் உள்ள பழைய கருவி கரையோரத்துக்குப் போதும், அதற்கு அப்பால் தூண்டிலுக்குப் போகிறவருக்குப் போதாது. இன்னொன்று: கருவி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையைத்தான் 'பார்க்கிறது'. கீரிக் கூட்டம் நன்றாக விழும். காற்றுப்பை இல்லாத வரிச்சூரையும் கணவாயும் மங்கலாகத்தான் விழும். திரை வெறுமையாக இருக்கிறது என்று கருவியைக் குறை சொல்ல முன் இதை நினையுங்கள். அலகை 'ஃபாதம்' என்று மாற்றிவிட்டால் பாகக் கணக்கிலேயே வாசிக்கலாம்.

கரண்ட். பழுது என்று கழற்றி எறிந்த கருவிகளில் பல பழுதே இல்லை, வயர்தான் பழுது. பழைய வயரின் நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள், ஈயம் பூசிய வயர் நல்லது. பற்றரியிலிருந்து நேரே தனி வயர், கைநூல் சொல்லும் அளவில் பியூஸ். பெரிய படகிலிருந்து கழற்றிய கருவியென்றால் அது 24 வோல்டுக்கு மட்டும் உரியதா என்று முதலில் பாருங்கள். மோட்டரை நிறுத்தினால் திரை தெளிந்து, ஸ்டார்ட் பண்ணினால் கோடு கோடாக வந்தால் குற்றம் கருவியில் இல்லை. மோட்டரின் வயரும் கருவியின் வயரும் ஒட்டி ஓடுகின்றன, பிரித்துவிடுங்கள்.

கண்ணாடிக் குழாய்த் திரை உள்ள கருவியைத் திருத்தச் செலவழிக்காதீர்கள், உதிரிப்பாகம் கிடைக்காது. டிரான்ஸ்டியூசர் நன்றாக இருந்தால் அதை வைத்துத் திரையை மட்டும் மாற்றுங்கள். வாடைக்காற்றுக்குப் படகு கரையேறும் மாரி மாதங்கள் இந்த வேலைக்குத் தோதானவை. ஒட்டிய சிப்பியை மரச்சீவலால் மெதுவாக எடுங்கள், கத்தி வேண்டாம். கரைப்பான் கலந்த படகுப் பெயின்ட் டிரான்ஸ்டியூசரின் முகத்தில் படக்கூடாது. தண்ணீருக்கு வெளியே கருவியை நீண்ட நேரம் ஓடவிடவும் கூடாது, வலுக்கூடிய டிரான்ஸ்டியூசர் சூடேறிக் கெடும்.

ஜீபீஎஸ்ஸும் சேர்ந்த கருவியானால் திகதியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 6இல் ஜீபீஎஸ்ஸின் வார எண் சுழியத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு பல பழைய கருவிகள் இருபது வருடம் பின்னால் காட்டுகின்றன. இடத்தைச் சரியாகக் காட்டினால் திகதிக்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம்.

கழற்றுமுன் அதில் பதிந்து கிடக்கும் இடக்குறிகளைப் பாருங்கள். பழையவர் வருடக்கணக்காகக் கண்டுபிடித்த பாரும் மூழ்கிய கப்பலும் அதற்குள் இருக்கும். எனக்கென்றால் கருவியைவிட அதற்குத்தான் விலை. அவரைக் கேட்டு, சம்மதித்தால் ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதுங்கள். பழைய கருவி 7 பாகை 24.50 நிமிடம் என்று காட்டுவதைப் புதியதில் 24 நிமிடம் 50 செக்கன் என்று பதிந்தால், பாரிலிருந்து 600 மீட்டருக்கு மேல் விலகி நங்கூரம் போடுவீர்கள். இரண்டு கருவியிலும் ஒரே முறையைத் தெரிவு செய்த பிறகே பதியுங்கள்.