எழுதிக் கொடுத்த ஆங்கிலம் எதற்கு?

வகுப்பில் ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் என்று பிள்ளை வந்து சொன்னதும், பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அதை உருப்போடுகிறது. அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் பிள்ளையின் சொந்த ஆங்கிலம் ஒரு வரிகூட இருப்பதில்லை.

நம்பிக்கை: வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் தடுமாறாது.

உண்மை: தடுமாற்றமே பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. நீர்ச் சுழற்சி பற்றிப் பேசும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் ‘கண்டன்சேஷன்’ என்ற பாடச் சொல் மறந்துபோனால், பின்னால் வரும் வரிகளும் சேர்ந்தே போய்விடும். அதே பிள்ளையிடம் குழம்புச் சட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டி, “இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுப் பார்க்கலாம். தமிழில் கடகடவென்று சொல்லும். பிறகு அதையே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லட்டும்: ‘வாட்டர் கெட்ஸ் ஹாட். இட் கோஸ் அப். இட் கெட்ஸ் கூல்.’ இந்தக் குட்டி வாக்கியங்கள் மனதில் நின்றுவிட்டால், அந்தப் பாடச் சொல்லைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். கையில் சூரியன், மேகம், மழை என்று தானே வரைந்த ஒரு துண்டு அட்டை போதும்.

தாளைப் பார்த்துப் பார்த்துப் படிப்பதும் ஒத்திகை ஆகாது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். முந்தின நாள் இரவு படித்த கையோடு சரளமாகச் சொன்ன பிள்ளை வகுப்பில் விழிப்பதில் வியப்பில்லை.

பார்க்காமல் சொல்லிப் பழக, நியூசிலாந்தின் மொழிக் கல்வியாளர் பால் நேஷன் 1989இல் எழுதிய ஒரு பயிற்சி கைகொடுக்கும். ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பாதியாக்கலாம். தாத்தா, அக்கா, எதிர்வீட்டு நண்பன் என்று கேட்பவர் மாறுவதால் சலிப்பில்லாமல் சொல்லத் தோன்றும். நேரம் குறையக் குறைய நாக்கு பழகும்.

நம்பிக்கை: தப்பு வந்தால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும்.

உண்மை: பேச்சு அறுந்துபோகும். முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு ஓரிரு தப்புகளை மட்டும் எடுக்கலாம். சரியானதை நாமே சொல்லிவிடாமல், “இதை எப்படிச் சொல்வே?” என்று கேட்பது நல்லது. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்த ஆய்வாளர்கள் லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. ஆசிரியர் சரியான வடிவத்தைத் தானே சொன்னபோதுதான் பிள்ளைகள் மிகக் குறைவாகத் திருத்திக்கொண்டார்கள்.

நம்பிக்கை: பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்.

உண்மை: இந்தக் கணக்குக்கு அடிப்படையாக உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட சோதனைகள் ஒற்றைச் சொல்லிலும் முகத்திலும் தெரியும் விருப்பு வெறுப்பைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கையை ஆட்டக் கற்றுத்தரும் நேரத்தில், ‘இவாப்பரேஷன்’ என்ற சொல்லில் அழுத்தம் ‘ரே’யில் விழ வேண்டும் என்று காட்டினால் கேட்பவர்களுக்குப் புரியும்.

நம்பிக்கை: படபடப்பு வந்தால் “அமைதியா இரு” என்று சொல்ல வேண்டும்.

உண்மை: ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் பெரியவர்களிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று தமக்கே சொல்லிக்கொண்டவர்கள், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பிள்ளையிடமும் “நெஞ்சு அடிச்சுக்குதா? பேசத் தயாராயிட்டே” என்று சொல்லிப் பார்க்கலாம்.