சூப்பில் மிதக்கும் சிவப்புப் பழம்

உட்லண்ட்ஸ் காப்பிக்கடையில் மூலிகைக் கோழி சூப் வாங்கினால், மேலே சின்னச் சின்னச் சிவப்புப் பழங்கள் மிதப்பதைப் பார்க்கலாம். கோஜி எனப்படும் இவை தக்காளி, கத்தரி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. சீனாவின் நிங்சியா வட்டாரம் இவற்றுக்குப் பெயர்போனது.

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வலுவூட்டும், கண்ணுக்கு நல்லது என்பது சீன மருத்துவ மரபு. உலர்ந்த பழத்தைச் சாமந்திப் பூவுடன் வெந்நீரில் ஊறவைத்துத் தேநீராகக் குடிப்பார்கள். சூப்பில் கடைசியாகத்தான் போடுவார்கள். அதிகம் கொதித்தால் குழைந்துவிடும்.

பழத்துக்கு நிறம் தரும் ஸியாசாந்தின், நம் விழித்திரையின் நடுப்பகுதியிலும் இருக்கும் நிறமி. அது நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எனவே தேநீரைக் குடித்துவிட்டுப் பழத்தை வீசினால், நிறமியில் பெரும்பகுதி குப்பைக்கே போகும்! எண்ணெய் சேர்ந்த உணவோடு பழத்தையும் மென்று தின்னவேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2021ல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற நடுத்தர வயதினரும் முதியோரும், தினமும் 15 கிராம் கோஜியை உணவில் சேர்த்துச் சமைத்து 16 வாரங்கள் சாப்பிட்டனர்.

வீட்டில் தாத்தா, பாட்டி ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிடுகிறார்களா? இரத்தம் உறைவதைத் தடுக்கும் அம்மருந்தின் வீரியத்தைக் கோஜி கூட்டி, இரத்தக்கசிவை உண்டாக்கலாம். கோஜித் தேநீர் குடித்தவர்களிடமே இது பதிவாகியுள்ளது. நிறமி நீரில் இறங்காவிட்டாலும் வேறு பொருள்கள் இறங்குகின்றன. அவர்களுக்குக் கொடுக்குமுன் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.