பன்றி நோயைக் கூட்டு வாசலிலேயே மறிப்போம்



நமது தோட்டங்களில் மாடு, ஆடு, கோழி வளர்க்கிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் லயத்துக்குப் பின்பக்கம், மரக்கறித் தோட்டத்து ஓரத்தில், ஒன்றிரண்டு பன்றி வளர்க்கிற குடும்பங்களும் இருக்கின்றன. சம்பளத்தில் பிடித்தம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க, அடகு வைத்த நகையை மீட்க, கூரைக்குத் தகரம் போட என்று நினைத்து வளர்க்கிற பன்றி அந்த வீட்டு உண்டியல் மாதிரி. ஆறேழு மாதம் தீனி போட்டு வளர்த்தது ஒரே வாரத்தில் செத்துப் போனால் அந்தக் குடும்பம் கடனோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே இம்முறை பன்றிகளுக்கு வரும் நோய்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் படிப்போம்.

மருந்து இல்லாத காய்ச்சல்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் இலங்கையில் உறுதி செய்யப்பட்டது. ஆபிரிக்காவில் தொடங்கிய இந்த நோய் 2018இல் சீனாவுக்கும் 2020இல் இந்தியாவுக்கும் வந்து, பிறகு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இது ஒரு வைரஸ் கிருமி. மனிதருக்கு இது தொற்றாது. ஆடு, மாடு, கோழிக்கும் தொற்றாது. ஆனால் பன்றிக் கூட்டுக்குள் புகுந்தால் அநேகமாக எல்லாவற்றையும் கொண்டு போய்விடும். குணமாக்க மருந்து கிடையாது.

"நாங்க பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டாச்சு, பயமில்லை" என்று சிலர் சொல்றாங்க. அந்த ஊசி வேறொரு பன்றிக் காய்ச்சலுக்கு உரியது. பெயர் ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். அந்த ஊசி இந்த நோயைத் தடுக்காது.

அறிகுறிகள் என்ன? பன்றியின் உடம்புச் சூடு சாதாரணமாக 102 பாகை பரனைட் அளவில் இருக்கும். இந்த நோயில் அது 105க்கு மேலே ஏறும். தீனி எடுக்காது. எழும்ப மனமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் கிடக்கும். காது, வயிறு, கால் பக்கங்களில் தோல் சிவந்து ஊதா நிறமாகும். வாந்தி வரலாம், கழிச்சலில் இரத்தம் வரலாம், சினைப்பன்றி குட்டியைக் கருவிலேயே போட்டுவிடலாம். சில பன்றி ஒன்றுமே காட்டாமல் திடீரென்று செத்துக் கிடக்கும். கிருமி உடம்பில் ஏறி 4 நாள் முதல் 19 நாள் வரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். சந்தையில் பார்க்கும்போது துடிப்பாக நின்ற குட்டி வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரம் படுப்பது இதனால்தான்.

நோய் எப்படி நம் கூட்டுக்கு வருகிறது?

இந்தக் கிருமி பறந்து வருவதில்லை. பெரும்பாலும் நாமேதான் அதைக் கொண்டு வருகிறோம். வரும் வழிகள் இவை:

1. எச்சில் சாப்பாடு. ஹோட்டல், கல்யாண வீடு, பங்களா குசினி ஆகிய இடங்களில் மிஞ்சியதை வாளியில் எடுத்து வந்து ஊற்றுவது நம்மிடம் பழக்கம். அதில் ஒரு துண்டு பன்றி இறைச்சி இருந்தாலே போதும். இறைச்சியை உப்புப் போட்டாலும் குளிரூட்டியில் வைத்தாலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் சாகாது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் பெருநாளுக்கு வரும்போது கொண்டு வரும் பன்றி இறைச்சி, சொசேஜ் இவற்றின் கழிவும் அப்படியே.

2. சப்பாத்து, உடுப்பு, வண்டி. பன்றி வாங்க வருகிற வியாபாரி ஒரே நாளில் பத்துக் கூட்டை மிதிப்பவர். அவருடைய லொறிச் சக்கரத்தில் ஒட்டிய சாணமும் நோயைக் கொண்டு வரும்.

3. புதிதாக வாங்கும் குட்டி. கூடவே, இனச்சேர்க்கைக்காக ஒரே ஆண் பன்றியை வீட்டுக்கு வீடு கொண்டு போவது.

4. காட்டுப்பன்றி. இதே நோய் அதற்கும் வரும். காட்டில் அடித்த பன்றியின் குடலையும் கழிவையும் வீட்டுப் பன்றிக்குப் போடக்கூடாது. இரவில் காட்டுப்பன்றி கூட்டுக்குக் கிட்ட வராதபடி வேலி வேண்டும். பன்றியை அவிழ்த்து விட்டு வளர்க்கவே கூடாது.

வாசலில் செய்ய வேண்டியவை

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை, பழக்கம்தான் வேண்டும்.

எச்சில் சாப்பாட்டை நிறுத்துவதே நல்லது. தவிடு, புண்ணாக்கு, வத்தாளைக் கொடி, வீட்டு மரக்கறிக் கழிவு இவற்றைக் கொடுக்கலாம். வேறு வழியே இல்லையென்றால், இறைச்சித் துண்டு, எலும்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம் கிண்டிக் கிண்டிக் காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். சும்மா சூடு காட்டினால் போதாது. பச்சை எச்சில் எடுத்த வாளியிலேயே காய்ச்சியதை ஊற்றினால் செய்த வேலை வீண்.

கூட்டுக்கென்று ஒரு ஜோடி சப்பாத்து, ஒரு பழைய உடுப்பு தனியாக வையுங்கள். அவற்றோடு வெளியே போகாதீர்கள். வாசலில் கிருமிநாசினி போட்ட தட்டு வைப்பவர்கள், முதலில் சாணத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அதில் காலை வைக்க வேண்டும். சாணத்தின் மேல் மருந்து வேலை செய்யாது. வியாபாரியைக் கூட்டுக்குள் விடாதீர்கள். பன்றியை வெளியே ஓட்டி வந்து காட்டுங்கள். புதிய குட்டியை ஒரு மாதம் தூரத்தில் தனியே வைத்துப் பாருங்கள். பழைய பன்றிக்குத் தீனி போட்ட பிறகே புதியதுக்குப் போடுங்கள்.

அன்றாடக் கவனிப்பு

எல்லாக் குட்டியும் பெரிய நோயால் சாவதில்லை. மலைநாட்டில் குளிரே பல குட்டிகளைக் கொன்றுவிடுகிறது. தாய்ப்பன்றி சினையாகி 114ஆம் நாள் அளவில் ஈனும். நாளைக் குறித்து வைத்து, அதற்கு முன்பே காற்றுப் படும் பக்கத்தைச் சாக்கால் மறைத்து, காய்ந்த மானாப்புல்லை நிறையப் போட்டு வையுங்கள். சூட்டுக்காக லயத்து மின்சாரத்தை இழுத்து வயரைக் கண்டபடி கட்டாதீர்கள். லயத்தில் தீப்பிடித்தால் என்னாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. பிறந்த குட்டி சீக்கிரமாகவே சீம்பால் குடிக்க வேண்டும். சிமெந்துத் தரையில் பிறக்கும் குட்டிக்கு இரும்புச்சத்துப் போதாது. வெளிறி, மூச்சு வாங்கி, சோர்ந்து போகும். பிறந்து 3ஆம் நாள் அளவில், முதல் வாரம் முடிவதற்குள், இரும்புச்சத்து ஊசி போட வேண்டும்.

தண்ணீரிலும் கஞ்சத்தனம் ஆகாது. பால் கொடுக்கும் தாய்ப்பன்றி நாளுக்கு 20 லீற்றருக்கு மேலேயே குடிக்கும். பீலியிலிருந்து சுமப்பது கஷ்டம்தான். ஆனால் தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும், குட்டியும் மெலியும். சொறி பிடித்த பன்றிக்குப் பழைய என்ஜின் ஒயில் பூசுவதையும், தோட்டத்து மருந்தை அடிப்பதையும் விட்டுவிடுங்கள். சொறிக்கும் குடற்புழுவுக்கும் மிருக வைத்தியரிடம் சரியான மருந்து இருக்கிறது. ஊசி போட்ட பன்றியை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்குக் கொடுக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள்.

கூட்டை லயத்துக்கும் பீலிக்கும் தள்ளியே கட்ட வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடம்பில் பெருகி, நுளம்பு மூலம் மனிதருக்கு வரும். 1980களின் நடுப்பகுதியில் அநுராதபுரப் பக்கம் அந்தக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். ஆகவே கூட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

பன்றி படுத்துவிட்டால்

முக்கியமான விஷயம் இதுதான். பன்றி தீனி எடுக்காமல் படுத்தவுடன், "அக்கா, செத்தா ஒண்ணும் கிடைக்காது. பாதி விலைக்காவது குடுத்துருங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். கையில் காசு வருகிறதே என்று மனம் இழுக்கும். கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் அந்தப் பன்றி எந்த லொறியில் ஏறுகிறதோ அந்த லொறி போகிற வழியெல்லாம் நோயும் போகும். அடுத்த டிவிஷனில் ஒரு தாய்ப்பன்றியை மட்டும் நம்பியிருக்கிற விதவைத் தாயின் கூட்டுக்கும் அது போகும். நாளைக்கு நீங்கள் புதுக்குட்டி வாங்கப் போனால் அந்த நோயையே விலை கொடுத்து வாங்கி வருவீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

• விற்காதீர்கள், வெட்டாதீர்கள், இறைச்சியைப் பங்கு போடாதீர்கள்.
• மற்றப் பன்றிகளையும் கூட்டை விட்டு நகர்த்தாதீர்கள். உங்கள் பகுதிப் பன்றிகளை வெளியே கொண்டு போகலாமா என்று மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.
• அன்றைக்கே அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். போக முடியாவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், நாங்கள் அறிவிக்கிறோம். மிருக நோய்கள் பற்றி 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது.
• செத்த பன்றியை ஓடையிலோ காட்டிலோ வீசாதீர்கள். மிருக வைத்தியர் சொல்கிறபடி, தண்ணீருக்குத் தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில், சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.
• கூட்டைக் கழுவி, வைத்தியர் சரி என்று சொல்லும் வரை வேறு பன்றி வாங்காதீர்கள்.

சொன்னால் வீண் பிரச்சினை வரும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நோய் யாருடைய குற்றமும் இல்லை. பன்றி செத்த வீட்டை யாரும் ஏசவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஏசினால் அடுத்த வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் பன்றிக்கு ஊற்றும் தீனி எங்கிருந்து வருகிறது? அதில் இறைச்சி இருக்கிறதா?
2. போன மாதம் நம் கூட்டுக்குள் யார் யார் கால் வைத்தார்கள்?
3. நமது பகுதி மிருக வைத்திய அலுவலகம் எங்கே இருக்கிறது? அதன் தொலைபேசி இலக்கம் சுவரில் எழுதியிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் பிரட்டு முடிந்ததும் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இலக்கத்தை எழுதித் தருகிறோம்.