திருச்சியிலிருந்து டென்னிஸ் பார்க்க: எந்த ஊருக்கு, எந்த நாளில்?

டிவியில் மட்டும் டென்னிஸ் பார்ப்பவருக்குப் பந்தின் உயரம் தெரியாது. கேமரா மேலேயிருந்து பார்ப்பதால் எல்லாப் பந்தும் வலையை உரசிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். நேரில் உட்கார்ந்தால்தான் உண்மை புரியும். டாப்ஸ்பின் போட்டு அடித்த பந்து வலைக்கு மேல் மூன்று நான்கு அடி எழும்பிப் போகும். வெளியேதான் விழப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று கோட்டுக்குள் இறங்கி, எதிரே நிற்பவரின் தோள் உயரத்துக்குத் துள்ளும். அந்தப் பந்தை அவர் எப்படித் திருப்பி அடிக்கிறார் என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு டிவியில் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஆண்களுக்கான ஏடிபி, பெண்களுக்கான டபிள்யூடிஏ தரப் போட்டிகளுக்கு நாம் திருச்சியைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் இருக்கும் இடம் இதற்கு மிகவும் தோதானது. சென்னையும் பெங்களூரும் ஓர் இரவு ரயில் தூரம். விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேரடி விமானம் உண்டு. போக நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, எது பெரிய போட்டி என்றுதான். பெயரும் பரிசுத்தொகையும் பெரிதாக ஆக, ஆட்டக்காரரிடமிருந்து நம் இருக்கை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் எவ்வளவு கிட்டே உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதல் முறை போகிறவர்கள் சென்னைக்கே போகலாம், அதுவும் வாரநாளில் போகலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போட்டிகளின் படிநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம். அதற்கடுத்து 1000, 500, 250 என்று எண் போட்ட போட்டிகள். சாம்பியனுக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிதான் அந்த எண். அதற்குக் கீழே ஆண்களுக்குச் சாலஞ்சர், பெண்களுக்கு 125. எல்லாவற்றுக்கும் அடியில் ஐடிஎஃப் நடத்தும் 15,000 டாலர் போன்ற சிறு போட்டிகள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள எஸ்டிஏடி ஸ்டேடியம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. நடுக் கோர்ட்டைச் சுற்றிச் சுமார் ஆறாயிரம் பேர் உட்காரலாம். 1997 முதல் 2017 வரை ஏடிபி சென்னை ஓப்பன் இங்கேதான் நடந்தது. ராஃப்டர், மோயா, சிலிச், நான்கு முறை வாவ்ரிங்கா என்று ஜெயித்தவர்களின் பட்டியல் பெரியது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இங்கே டபுள்ஸில் ஐந்து முறை பட்டம் வென்றார்கள். பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில் நடந்த போட்டி அது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பகல்பத்து, ராப்பத்து, வைகுண்ட ஏகாதசி எல்லாம் அதை ஒட்டியே வரும். அதனால் டென்னிஸ் பிரியர்களாக இருந்தும் ஒருமுறைகூடப் போகாதவர்கள் நம் வீதிகளில் நிறையப் பேர் உண்டு. 2018-இல் போட்டி புனேக்குப் போனது, 2023 ஜனவரியோடு அங்கேயும் நின்றது. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது சென்னையில் பார்க்கக் கிடைப்பவை இரண்டு. ஒன்று பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 சென்னை ஓப்பன். 2022 செப்டம்பரில் நடந்தது. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி நடந்தது. இரண்டாவது, பிப்ரவரியில் வரும் ஆண்களுக்கான ஏடிபி சாலஞ்சர். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் நடந்தது. எதுவுமே ஆண்டுதோறும் நிச்சயம் என்று நம்பி இருக்க முடியாது. ஏடிபி, டபிள்யூடிஏ தளங்களில் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட்டில் கைவைக்க வேண்டும்.

இரண்டும் நடந்து, ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் நான் பிப்ரவரி சாலஞ்சரைத்தான் சொல்வேன். முதல் காரணம் வானிலை. கோர்ட்டுக்குக் கூரை கிடையாது. அக்டோபர் கடைசி வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம். 2025-இல் மோந்தா புயலோடு வந்த மழையில் டபிள்யூடிஏ போட்டியின் தொடக்க நாட்களின் அட்டவணை குலைந்தது. திருச்சியிலிருந்து ஒரே நாள் பயணமாகப் போகிறவருக்கு மழை வந்தால் போனது போனதுதான். பிப்ரவரியில் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

இன்னொரு காரணம் நம் ஆட்டக்காரர்கள். சாலஞ்சர் டிராவில் இந்தியப் பெயர்கள் அதிகம் இருக்கும், இரண்டாவது மூன்றாவது சுற்று வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 2024 பிப்ரவரியில் சுமித் நாகல் இங்கே இறுதிப் போட்டியில் இத்தாலியின் லூகா நார்டியை வென்று, அதன் பலனாக உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கை திரும்பும் இடம் இதுதான். அதைப் பார்க்கச் சாலஞ்சரில் பெரும்பாலும் காசே வேண்டாம், கேட்டாலும் சிறு தொகைதான்.

பெண்கள் டென்னிஸில் ஆர்வம் உள்ளவர்களுக்கும், டென்னிஸ் கற்கும் மகளைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் மட்டும் என் பதில் வேறு. அவர்கள் மழையைப் பொறுத்துக்கொண்டு டபிள்யூடிஏ போட்டிக்கே போகட்டும். 2022-இல் இங்கே கோப்பையை வாங்கிய லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு வயது 17. அதே போட்டியில் நம் கர்மன் தாண்டி முதல் சுற்றில் சீடிங் பெற்ற ஃபிரெஞ்சுக்காரரை வென்றார். 2025-இல் பட்டம் வென்ற ஜானிஸ் ஜென், 2002-க்குப் பிறகு டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தோனேசியர். பதினைந்து வயதுப் பெண் இதையெல்லாம் நேரில் பார்ப்பதன் மதிப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

அடுத்தது, எந்த நாள்? ஊரைத் தேர்வு செய்வதைவிட இது முக்கியம் என்பேன். பலரும் இறுதிப் போட்டி டிக்கெட்டுக்கு அலைவார்கள். 2008 சென்னை ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியில் நடாலும் மோயாவும் மூன்று செட், மூன்றும் டைபிரேக், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மோதினார்கள். மறுநாள் அந்தக் களைப்போடு இறுதிப் போட்டியில் இறங்கிய நடாலை யூஷ்னி 6-0, 6-1 என்று ஒரு மணி நேரம்போல முடித்துவிட்டார். இறுதிக்கு டிக்கெட் வாங்கியவர் கண்டது அந்த ஒரு மணி நேரம்தான். இறுதி நாளில் ஒரே ஒரு ஒற்றையர் ஆட்டம் இருக்கும், ஒரு டபுள்ஸ் இறுதி அந்த நாளில் விழுந்தால் உண்டு. திங்கள், செவ்வாயில் மூன்று நான்கு கோர்ட்டில் காலையிலிருந்து இரவு வரை ஆட்டம் ஓடும். புதன், வியாழன் அதைவிட நல்லது. முதல் சுற்றில் சோடை போனவர்கள் கழிந்து, ஃபார்மில் இருப்பவர்கள் மிஞ்சியிருப்பார்கள். டபுள்ஸும் சூடு பிடித்திருக்கும்.

வாரநாளில் விடுப்பு கிடைக்காதவர்கள் தொடக்க வாரஇறுதியில் நடக்கும் தகுதிச் சுற்றுக்குப் போகலாம். கூட்டமே இருக்காது. 2025-இல் மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து அரையிறுதி வரை போன மாயா ராஜேஷ்வரன் கோயம்புத்தூர்ப் பெண். அப்போது வயது 15. தகுதிச் சுற்றில் அவரைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

திருச்சிக்காரருக்கு ஒரே நாள் திட்டம் இப்படி இருக்கலாம். காலையில் ஸ்ரீரங்கத்தில் பல்லவன் ஏறினால் நண்பகல் வாக்கில் சென்னை. எழும்பூரில் இறங்கினால் தாம்பரம் பக்கம் போகும் லோக்கல் ரயிலில் சேத்துப்பட்டு, அடுத்து நுங்கம்பாக்கம், இரண்டாவது நிறுத்தம்தான். அங்கிருந்து ஸ்டேடியம் ஆட்டோவில் சிறிது தூரம். இரவு ஆட்டம் முடிந்து சாப்பிட்டுவிட்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் ஸ்ரீரங்கம். எழும்பூர் நிலைய வேலைகளால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிற்பதுண்டு. தாம்பரமும் அதே லோக்கல் பாதைதான், பயப்பட வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளியை ஒட்டிய வாரம் என்றால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மதிய ஆட்டத்தை விட்டுவிட்டு மாலை ஆட்டத்துக்கு மட்டும் போங்கள். பிப்ரவரியிலும் சென்னை வெயில் கான்கிரீட் படிகளில் கடுமைதான்.

பெங்களூர் ஓப்பனும் சாலஞ்சர்தான். பெரும்பாலும் சென்னைப் போட்டியை ஒட்டி, பிப்ரவரியில் வரும். கப்பன் பூங்காவுக்குள் மரங்களுக்கு நடுவே இருக்கிறது ஸ்டேடியம். பக்கத்திலேயே மெட்ரோ. மயிலாடுதுறைப் பக்கமிருந்து திருச்சி வழியாக மைசூர் போகும் இரவு ரயில் காலையில் கொண்டுபோய் விட்டுவிடும். 2018-இல் நம் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஜெயித்த போட்டி இது. சென்னைக்கு வரும் ஆட்டக்காரர்களில் பலர் அப்படியே அங்கேயும் ஆடுவார்கள். 2023-இல் மேக்ஸ் பர்செல் சென்னை, பெங்களூர், புனே மூன்றையும் அடுத்தடுத்து வென்றார். ஆகவே இரண்டு ஊருக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகள் பெங்களூரில் வேலையில் இருந்தால், வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால், அங்கே போங்கள். மற்றபடி சென்னையே போதும்.

அல்கராஸ், சின்னர் போன்ற உச்ச ஆட்டக்காரர்களை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டு ஊரும் உதவாது. அவர்கள் விமானம் ஏற வேண்டும்.

துபாய் போட்டி பிப்ரவரியில் தொடங்கும். முதல் வாரம் பெண்களுக்கு 1000, அடுத்த வாரம் ஆண்களுக்கு 500. கர்ஹூதில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே மைதானம். நடுக் கோர்ட்டில் ஐந்தாயிரம் இருக்கைதான், அதாவது நுங்கம்பாக்கத்தைவிடச் சிறியது. இந்தத் தரத்து ஆட்டக்காரர்களை இவ்வளவு சின்ன அரங்கில் பார்க்கும் வாய்ப்பு உலகில் அதிகம் கிடையாது. இரண்டு வாரத்தில் ஒன்று என்றால் பெண்கள் வாரம். டிரா பெரியது, முன்னணி வீராங்கனைகள் நிறையப் பேர் வருவார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் அண்ணனோ மச்சானோ வளைகுடாவில் இல்லாத வீடு குறைவு. தங்க இடம் இருந்தால் மொத்தச் செலவு நினைப்பதைவிடக் குறையும்.

கிராண்ட்ஸ்லாம்தான் வேண்டும் என்றால் நமக்கு மெல்போர்ன். திருச்சியில் ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறினால் மெல்போர்ன். ஜனவரியில் இரண்டு வாரம். முதல் வாரத்தில் கிரவுண்ட் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ராட் லேவர் அரங்குக்குத் தனி டிக்கெட் வேண்டும். மற்றபடி ஏராளமான வெளிக் கோர்ட்டுகளில் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். 2024-இல் ரோஹன் போபண்ணா 43 வயதில் டபுள்ஸ் பட்டம் வென்ற ஊர் அது. நாற்பது டிகிரி வெயில் வரும் நாட்களும் உண்டு. நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

விம்பிள்டன் மீதான ஏக்கம் நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி ஆடிய புல்தரை அது. டிக்கெட்டுக்குக் குலுக்கல் முறை. அது விழாதவர்கள் விம்பிள்டன் பூங்காவில் வரிசையில் நின்று அன்றைய டிக்கெட் வாங்கலாம். சென்டர் கோர்ட் டிக்கெட்டுக்காக முதல் நாள் இரவே கூடாரம் போடுவார்கள். லண்டனில் உறவினர் இருந்து, வேறு காரணத்துக்காகவும் போகிறீர்கள் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். டென்னிஸுக்காக மட்டும் என்றால், அதே பணத்துக்கு மெல்போர்னில் அதிக ஆட்டம் பார்க்கலாம்.

எங்கே போனாலும் இருக்கை விஷயம் ஒன்றுதான். கோர்ட்டின் நீளவாக்கில், வலைக்கு நேராக உள்ள இருக்கைக்கு விலை அதிகமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் பின்கோட்டுக்குப் பின்னால், ஏழெட்டு வரிசை மேலே. அங்கிருந்துதான் சர்வீஸ் எந்தப் பக்கம் போகிறது, எதிராளி அடுத்த பந்துக்கு எங்கே காத்திருக்கிறார் என்பது புரியும். அந்தப் பக்கம் வாசல் இருந்தாலும் ஆட்டம் நடக்கும்போது எழுந்து போக நினைக்காதீர்கள். பொதுவாகப் பக்கம் மாறும் இடைவேளையில்தான் நடமாட்டம்.

வெளிக் கோர்ட்டில் டபுள்ஸ் நடந்தால் கம்பிவலையை ஒட்டி நில்லுங்கள். வலைக்கு முன்னால் நிற்பவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலால் சைகை காட்டுவார். சர்வீஸ் அடிக்கப்போகும் கூட்டாளி அதைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகு மூன்று பந்து வாங்கி, உற்றுப் பார்த்து, ரோமம் அதிகம் எழும்பியதைத் திருப்பிக் கொடுப்பார். இழை அடங்கிய பந்து காற்றில் வேகமாகப் போகும் என்பதால் அது முதல் சர்வீஸுக்கு; இன்னொன்று பையில், இரண்டாவது சர்வீஸுக்கு. பந்து போன மறுகணம் வலையருகே நின்றவர் சைகையில் சொன்ன பக்கம் பாய்ந்திருப்பார். இரண்டு கேம் இப்படி விரல்களைக் கவனித்தால், அவர் அடுத்து எங்கே பாய்வார் என்று உங்கள் மகனோ மகளோ முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த ஆட்டம் எந்தக் கோர்ட்டில் என்பது முந்தின நாள் மாலைதான் வெளியாகும். ரயிலில் ஏறும் முன் அதை ஒருமுறை பார்த்து, முதலில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.