யாழும் பறையும் கித்தாரும்: சுயேச்சை இசைக்குழுக்கள் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

எங்கள் ஊர் தென்னேரி. ஊருக்குப் பெயர் தந்தது அதன் பேரேரி. ‘திரையன் ஏரி’ என்பதே நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். அந்தத் திரையன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் இவனே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைக் கண்டு காஞ்சிக்கு வழி கூறுகிறான்.

யாழைச் சுமந்து, சுற்றத்தோடு ஊர் ஊராகச் சென்று பாடிய பாணர் கூட்டம் ஓர் இசைக்குழுவே அன்றோ? ஆயினும் பாணனின் வயிறு புரவலனின் கையில் இருந்தது. திரையன் பொற்றாமரை சூட்டினால் வாழ்வு. இல்லையேல் மீண்டும் வழிநடை. புரவலனையும் திரைப்படத்தையும் நம்பாமல், தன் பாட்டைத் தானே ஆக்கித் தானே மேடையேற்றும் குழுவையே இன்று சுயேச்சைக் குழு என்கிறோம். அத்தகைய ராக் இசைக்குழு தமிழ் மண்ணில் எவ்வாறு வேரூன்றியது, அதனால் நம்மைப் போன்ற சிற்றூர் மாணவர்க்கு என்ன பயன் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராக் இசையின் பிறப்பு

ராக் இசை மாளிகையில் பிறந்ததன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரத்தையும் உழைப்பையும் பாடிய ‘புளூஸ்’ இசையே அதன் தாய். வெள்ளையரின் நாட்டுப்புற இசையும் அதனோடு கலந்து, 1950களில் ‘ராக் அண்ட் ரோல்’ எனப் பெயர் பெற்றது. 

அது கடல் கடந்து இங்கிலாந்து சென்றபோது நிகழ்ந்த ஒன்று நம் கவனத்திற்குரியது. 1956இல் லிவர்பூல் நகரத்துப் பள்ளி மாணவர் ஜான் லெனன், ‘குவாரிமென்’ என்னும் குழுவைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகள் வாங்க அக்காலச் சிறுவர்களிடம் வசதி இல்லை. துணி துவைக்கும் பலகையை விரலால் உரசித் தாளம் எழுப்பினர். தேயிலைப் பெட்டியில் ஒரு கழியை நட்டு, கயிறு கட்டி இழுத்து, மந்தர ஒலி உண்டாக்கினர். அந்தக் குழுவின் வளர்ச்சியே பின்னாளில் உலகை ஆட்டிப் படைத்த ‘பீட்டில்ஸ்’. கருவி இல்லையே என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

குழுவும் அதன் கருவிகளும்

ராக் குழுவுக்கு அடிப்படையானவை நான்கு: மின்கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், குரல்.

மின்கித்தாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. அதனால் சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றனர். நம் இயற்பியல் ஆய்வகத்தில் பாரடே விதி என்று படிப்பது இதுவே. கித்தாருக்கு ஆறு கம்பிகள். அவற்றுள் மிகத் தாழ்ந்தது வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். நான்கு கம்பிகள் கொண்ட பேஸ் கித்தாரில் மிகத் தாழ்ந்தது அதற்குப் பாதி, அதாவது 41 முறை அதிரும். பேஸ் உரக்க ஒலிக்கும்போது காதோடு நெஞ்சும் அதை உணர்வது இதனால்தான்.

டிரம்ஸ் கலைஞன் நான்கு தட்டுகளை எண்ணி, இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் தருவான். ராக் இசைக்கு அந்த நடையே முதுகெலும்பு. நம் நாட்டுப்புறத் தாளங்களிலோ ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிக்கும் திச்ர நடை மிகுதி. இவ்விரு நடைகளையும் ஒரே பாட்டில் இணக்குவது எளிதன்று. கூடிப் பழகிய காது வேண்டும்.

தொல்காப்பியர் கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறார். ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பறை உண்டு, ஒரு யாழ் உண்டு. நரம்பும் தோலும் கூடினாலே நமக்கு இசை நிறைவு. கித்தாரும் டிரம்சும் கூடிய ராக் குழு அந்த வகையில் நமக்கு அந்நியமானதன்று. காலப்போக்கில் யாழ் மறைந்தது. பறை மறையவில்லை, ஆனால் அதை அடிப்பவரோடு சேர்த்து அது ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் தொடக்க முயற்சிகள்

நம் நாட்டில் ராக் குழுக்கள் 1960களிலேயே தோன்றிவிட்டன. புகையிலை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டியில் பல நகரக் குழுக்கள் பங்கேற்றன. 1970, 1971 ஆண்டுகளில் அக்குழுக்களின் பாடல்கள் இசைத்தட்டாகவும் வெளிவந்தன. ஆனால் அப்பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. சென்னை ஐ.ஐ.டி.யில் முன்பு ‘மார்டி கிரா’ என்றும் 1996 முதல் ‘சாரங்’ என்றும் வழங்கும் கலைவிழாவில் மேலை இசைக் குழுக்களுக்கு நல்ல மேடை கிடைத்தது. அங்கும் ஆங்கிலமே ஓங்கி நின்றது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஈழத்தில் வேறொன்று நடந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் கித்தாரும் கொங்கோவும் துணைவரத் தமிழில் ‘பொப்’ பாடல்களைப் பாடி மக்களைக் கவர்ந்தனர். திரைப்படம் இல்லாமலே தமிழ்ப் பாட்டுக்குக் கூட்டம் கூடும் என்பதற்கு அவர்களே சான்று.

தமிழ்நாட்டில் அந்த வழி அகலாததற்குக் காரணம் திரைப்படமே. ஏ. ஆர். ரகுமான் இளமையில் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்தவர். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவையும் சென்னையில் தோற்றுவித்தவர். 1992இல் ‘ரோஜா’ வந்தபின் அவர் உலகறிந்த இசையமைப்பாளர் ஆனார். இதனால் திரையிசை வளம் பெற்றது, மறுக்க முடியாது. ஆனால் திறமை உள்ள குழுக்கலைஞர் எவரும் இறுதியில் ஒலிப்பதிவுக் கூடத்தையே நாடவேண்டும் என்ற நிலையும் உறுதிப்பட்டது. பழைய புரவலன் போய்ப் புதிய புரவலன் வந்தான் எனலாம்.

பறை மேடையேறியது

இந்நிலையில் தோன்றியதே ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு. 2017இல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ அமைப்பைச் சேர்ந்த இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து இதனை உருவாக்கினர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வலியுறுத்திய ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்தே குழுவின் பெயருக்கு ஊற்று.

மேடையில் நின்றவர் 19 பேர். வடசென்னையின் கானாப் பாடகர்கள், சொல்லிசைக் கலைஞர்கள், கித்தார், டிரம்ஸ் கலைஞர்கள் ஆகியோர் ஒருபுறம். பறை, சட்டி, டோலக்கு, கட்டைமோளம் இசைப்போர் மறுபுறம். அண்ணல் அம்பேத்கரை நினைவூட்டுமாறு கோட்டும் சூட்டும் அணிந்து நின்றனர். பாடல்களின் பொருளும் புதிது: இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமை, வடசென்னை வாழ்க்கை.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். கானா, குடிசைப் பகுதிகளில் பெரும்பாலும் இழவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பட்ட பாட்டு. பறையும் பல ஊர்களில் சாவுக்கே உரிய கருவியாக ஒதுக்கப்பட்டது. திருவிழா இரவில் மேடைமேல் இன்னிசைக் குழுவுக்கு நாற்காலி. பறைக்கலைஞர்க்கு மேடைக்குக் கீழே வெறுந்தரை. இதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கண்டும் அது இயல்பு என்றே எண்ணி வந்திருக்கிறோம். அந்தப் பறை, மின்கித்தாருக்கு இணையாக ஒரே மேடையில் ஒரே உயரத்தில் நின்றது என்பதே இக்குழு செய்த அருஞ்செயல்.

இசை நோக்கிலும் இது எளிய காரியமன்று. பறையின் வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல், ஈரக்காற்றில் தளரும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் விறைத்து ஒலிக்கும். நீண்ட சிண்டுக்குச்சியும் குட்டையான அடிக்குச்சியும் சேர்ந்து எழுப்பும் ஒலி, ஒலிவாங்கி இல்லாமலே ஊர் எல்லையை எட்டும். கித்தார் கலைஞன் முறுக்காணியைத் திருப்பினால் சுருதி சேர்ந்துவிடும். பறைக்கலைஞனுக்கு நெருப்பு வேண்டும், நேரம் வேண்டும். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கவும், தம் ஒலியைத் தாழ்த்திப் பிறர் ஒலியைக் கேட்கவும் பழகினாலன்றிக் குழு இல்லை. சமத்துவம் என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் உண்டோ?

இக்குழுவில் பாடிய கானாப் பாடகி இசைவாணி, ஆண்களே பெரிதும் பாடிவந்த துறையில் துணிந்து நின்றவர். 2020ஆம் ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் வரிசையில் இடம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில், சென்னையின் சபாக்களுக்குரிய மார்கழித் திங்களில், ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவை நீலம் அமைப்பு தொடங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்களும் கானாப் பாடகர்களும் அதில் மேடை பெற்றனர்.

பாட்டு யாருடையது?

குழுவின் மற்றொரு கலைஞர் அறிவு. காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை உள்ளத்தில் கொண்டு அவர் எழுதிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, 2021 மார்ச்சில் வெளிவந்தது. பாடகி தீயும் உடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பேற்றார். உலகெங்கும் பல கோடி முறை கேட்கப்பட்ட அப்பாடல், திரைப்படத்தில் இடம்பெறாதது.

ஆனால் புகழோடு பூசலும் வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அப்பாடல் மேடையேறியது. பாட்டின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் மற்ற கலைஞர்களும் பொதுவில் தத்தம் விளக்கங்களைக் கூறினர். 2024 மார்ச்சிலோ, பாடல் வந்து மூன்றாண்டுகள் கழிந்தும் தங்களுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார்.

இதிலிருந்து நாம் தெளிவது ஒன்று. திரைப்படத்தை விட்டு வெளியே வந்ததால் மட்டும் ஒரு குழு சுயேச்சைக் குழு ஆகிவிடாது. பாட்டின் உரிமையும் வருவாயும் தன் கையில் இருக்கும் வரையே அது சுயேச்சை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. பாடலாசிரியரின் உரிமை அவர் வாழ்நாள் முழுதும், இறந்தபின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். எழுதிய அளவிலேயே உரிமை தோன்றிவிடும். பதிவு செய்வது கட்டாயமன்று. 2012இல் செய்த திருத்தம், பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிய பங்குத்தொகைக்குக் காப்பளித்தது. ஆயினும் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, பங்கு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதிக் கையெழுத்திடாவிட்டால், நண்பர்களும் பகைவராவர். சட்டத்திற்கு முன்னே வேண்டியது ஒரு தாளும் பேனாவும்.

நம் கல்லூரியில்

கல்லூரி நாள் விழாவில் நாம் என்ன செய்கிறோம்? பதிவு செய்த இசை பின்னணியில் ஒலிக்க, திரைப்பாடல்களைப் பாடுகிறோம். நன்றாகவே பாடுகிறோம். ஆனால் அதில் நம் ஊர் எங்கே? விடியும் முன்னே ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து, மழை பொய்த்தால் வறண்டும் பெய்தால் கலங்கல் வழிந்தும் நிற்கும் ஏரி, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம் தோழியர் — இவற்றைப் பற்றி ஒரு பாட்டு உண்டா? நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவர்?

நம் வகுப்புகளில் பறை அறிந்த மாணவர் இருக்கின்றனர். அதைச் சொல்லவே அவர்கள் கூசுகின்றனர். தந்தையும் பாட்டனும் அடித்த கருவியைக் கல்லூரி வாசலுக்கு வெளியே மறைத்து வைத்துவிட்டு வருகின்றனர். அந்தக் கூச்சம் அவர்கள் குற்றமன்று. நம் அனைவரின் குற்றம். ஒரு பழைய கித்தார், ஒரு பறை, ஒரு குரல், வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கும் ஓர் அறை. தொடங்க இவை போதும். தேயிலைப் பெட்டியில் தொடங்கியவர்களை மேலே கண்டோம்.

முடிவுரை

பெரும்பாணன் காஞ்சிக்கு வழி கேட்டு நடந்தான். திரையன் இன்று இல்லை. அவன் பெயர் எங்கள் ஏரியில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இன்றைய பாணன் வழி கேட்க வேண்டியது புரவலனிடம் அன்று, தன் பக்கத்தில் நிற்கும் கலைஞனிடம். தன் பாட்டைத் தானே எழுதி, உரிமையைத் தானே காத்து, பறைக்கும் கித்தாருக்கும் ஒரே உயரத்தில் இடம் தரும் குழு எதுவோ, அதுவே தன் காலில் நிற்கும் குழு. அடுத்த கல்லூரி நாளில் அப்படி ஒரு பாட்டாவது நம் மேடையில் ஒலிக்கட்டும். அதை எழுதுவோர் நம்முள்ளேயே இருக்கின்றனர்.