மெல்ல நடக்கட்டும்



இடுப்பிலும் முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்த நாய் மாதக்கணக்கில் நொண்டினால், வீட்டில் இரண்டு யோசனைகள் வரும். "பாவம், படுத்தே கிடக்கட்டும்" என்பார் பாட்டி. "மைதானத்தில் அவிழ்த்து விடு, ஓடினால் சரியாகிவிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டுமே நாய்க்குக் கெடுதல்தான்.

இடுப்புக்கான ஆபரேஷன்களில் ஒன்று, தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுத்துவிடுவது. அதில் செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை. தழும்புத் திசுவும் தசையும் சேர்ந்து அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளும். அசைவு இல்லாவிட்டால் அந்தத் திசு இறுகி, கால் பின்னால் நீள மறுக்கும்.

முழங்கால் சங்கதி நேர் எதிர். கால்பந்து வீரர்களுக்கு ஏசிஎல் கிழிந்ததாகச் செய்தியில் படிப்பாயே, நாய்களுக்கும் பெரும்பாலும் கிழிவது அதே தசைநார்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் அதற்கென வெளியிட்ட டிபிஎல்ஓ அறுவை முறையில், கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துத் திருப்பி, உலோகத் தகட்டால் இறுக்குவார்கள். எலும்பு கூடச் சுமார் 8 வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் அது உறுதியாகும்வரை ஓட்டமும் தாவலும் கூடாது.

இடுப்பு அசைவைக் கேட்கிறது. முழங்கால் அடக்கத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் பொருந்துவது, குட்டையாகப் பிடித்த வாரில் மெதுநடை.

மெதுவாக நடக்கும்போது நாய் நான்கு கால்களையும் ஊன்றியாக வேண்டும். வேகம் கூடினால், நோயுற்ற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலிலேயே ஓடிவிடும். வலி போன பிறகும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஊன்றாத காலில் தொடைத் தசை சூம்பும். சூம்பிய காலை ஊன்ற நாய் இன்னும் தயங்கும்.

முதலில் ஐந்து நிமிட நடை, நாளில் இரண்டு மூன்று முறை. மறுநாள் நொண்டல் கூடவில்லை என்றால் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். மருத்துவர் அனுமதித்ததும், நோயுற்ற கால் சுவரோரம் இருக்கும்படி நிறுத்தி, உட்கார்ந்து எழவை. அப்போது நாய் அந்தக் காலை வெளியே பரப்பி ஏமாற்ற முடியாது. பிறகு தரையில் கம்புகளைக் கிடத்தி நிதானமாகத் தாண்டவிடு. நீர் ட்ரெட்மில் கிடைத்தால் இன்னும் நல்லது: இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய 38 விழுக்காடுதான் கால்களில் இறங்கும். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரித்து வை. தையல் டேப்பால் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து குறித்துவந்தால், தசை தேறுவது தெரியும்.

சாப்பாட்டுத் தட்டையும் கவனி. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. மற்றவற்றைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது.

தேறிவந்த நாய் திடீரென மறுபடி நொண்டினால் பயிற்சியை நிறுத்திவிடு. முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டு கிழிந்திருக்கலாம், தகட்டில் கிருமி தொற்றியிருக்கலாம், அடுத்த காலின் தசைநாரும் அறுந்திருக்கலாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதே; அவை நாய்க்கு நஞ்சாகலாம். அது நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் செல்போனில் படம் பிடித்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டு.